நீலிப்புல்லுக்கு ஒரு கோட் பெயிண்ட்

நீலிப்புல் நீலமாக இருக்கும், இடுப்பளவு நிற்கும், காற்றில் தலையாட்டும். தலைமையகத்துச் சுவரில் மாட்டியிருந்த படம் அப்படித்தான் சொன்னது. வரைந்த காலத்தில் அது உண்மையும்கூட. பிறகு அது முளைக்கும் கிரகத்தின் சூரியன் மங்கத் தொடங்கியதும், காற்று பேயாட்டம் ஆடியதும் படத்துக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும், பாவம்!

புல்லுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், மிச்சமிருந்த வெளிச்சத்தைத் துளி விடாமல் குடிக்க இலையைக் கறுப்பாக்கிக்கொண்டது. காற்றோடு மல்லுக்கட்டாமல் தரையில் நீட்டிப் படுத்துவிட்டது. இத்தனையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் அந்தப் புல்வெளியின் காவல்காரி. குடியிருப்பில் எல்லோரும் அவளைப் புல்லம்மா என்றார்கள். கேலிதான். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இப்போது அந்தக் கடைசிப் புல்வெளியில் விண்கலம் இறங்கத் தளம் கட்டப்போகிறார்களாம். அங்கே நீலிப்புல் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னால்தான் திட்டம் நிற்கும். அவர் மறுநாள் வருகிறார்.

"கறுப்பா, தரையில கிடக்கறதைக் காட்டினா என்னங்க சொல்வார்?" புருஷனுக்குச் சாப்பாடு போட்டபடி கேட்டாள். அவன் குடியிருப்பின் கதவு, ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவன்.

"ஏதோ களைன்னு சொல்வார். படத்துல இருக்கறதுதானே அவங்களுக்குப் புல்லு."

"உங்ககிட்ட நீலம் மிச்சம் இருக்குல்ல?"

அவன் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மரை கழண்டுபோச்சா உனக்கு? இலைக்கு மூச்சு முட்டாதா?"

"புல்வெளி வாசல் பக்கம் கொஞ்சம் மட்டும். அந்த ஆளுங்க என்னைக்கு வாசலைத் தாண்டியிருக்காங்க?"

சொல்லிவிட்டாளே தவிர, விடியற்காலையில் தூரிகையை எடுத்தபோது அவளுக்கு மனசே வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு மருந்தென்று பொய் சொல்லி எதையோ ஊட்டுகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் இருவருமாகக் குச்சி நட்டு, புல்லின் தாள்களைத் தூக்கிக் கட்டி, சுவருக்கு அடிக்கிற தண்ணிப் பெயிண்டைப் பூசி முடித்தார்கள்.

ஆய்வாளர் வந்தார். காலணியில் மண் படாமல் வாசலிலேயே நின்றார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார்.

"அருமை. அச்சு அசல் படத்துல இருக்கற மாதிரியே இருக்கே."

புல்லம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ தளம் இங்க வராதுங்களா சார்?"

"ஏன் வராது? அழியற இனத்துக்குத்தாம்மா பாதுகாப்பு. சூரியனே மங்கிப்போச்சு, இது ஒரு மாத்தமும் இல்லாம ஜம்முனு நிக்குது. இதை நாம எதுக்குக் காப்பாத்தணும்?"

அவள் குனிந்து புல்லைத் தொட்டுக் காட்டினாள். "சார், அது பெயிண்ட். நான்தான் அடிச்சேன். நிஜத்துல அது கறுத்துடுச்சு சார், படுத்துடுச்சு. பிழைக்கறதுக்காக மாறிடுச்சு. இங்க விட்டா வேற எங்கயும் கிடையாது."

ஆய்வாளர் கோபப்படவில்லை. மிகவும் கனிவாகச் சொன்னார். "அப்போ இது நீலிப்புல்லே இல்லையேம்மா."

மாறாவிட்டால் ஆபத்தில்லை, மாறிவிட்டால் அது புல்லே இல்லை. என்ன ஒரு நியாயம்! மங்கிய சூரியனும் பேய்க்காற்றும் சேர்ந்து செய்ய முடியாத காரியத்தை மனிதர் நின்ற இடத்தில் நின்றபடியே முடித்துவிட்டார்.

புல்லம்மா மண்டியிட்டாள். வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, ஒரு புல்தாளைப் பிடித்து நீலத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"விடு," என்றான் புருஷன். "எப்படியும் அழிக்கத்தான் போறாங்க."

"தெரியும். போறப்போ அது அதுவா போகட்டும். நான் பூசின வேஷத்தோட போக வேண்டாம்." குரல் உடைந்து அழுதேவிட்டாள்.

அவன் தோளில் கிடந்த துண்டை நனைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆய்வாளர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். கிளம்பும் முன் அக்கறையோடு சொன்னார். "அந்தக் குச்சியையும் பிடுங்கிடுங்கம்மா. நாளைக்கு வண்டி வர்றப்போ சக்கரத்துல மாட்டும்."

புல்லம்மா பிடுங்கினாள். அவர் சொன்னதற்காக இல்லை. கட்டு அவிழ்ந்ததும் புல் ஒவ்வொன்றாகத் தரையில் சாய்ந்து, தன் இஷ்டப்படி படுத்துக்கொண்டது.