லோனி வெளியே, எலிசியோ உள்ளே

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்தில் எங்கள் மாவட்ட ஜெயிலின் சமையற்காரி நான், பெயர் ஓர்லீன். செவ்வாய்க்கிழமை உள்ளூர்க் குடிகாரர் லோனி ஸ்கேக்ஸ் ஜெயில் வாசலில் நின்று, தன்னை மறுபடி உள்ளே போடச் சொல்லிச் சண்டை பிடித்தார்.

"முப்பது நாள் தண்டனைல பதினொண்ணுதான் முடிஞ்சிருக்கு. பாக்கியை யார் இருப்பா, உங்கப்பனா?"

"கோவிச்சுக்காத லோனி," என்றார் ஜெயிலர் டெல்பர்ட். "ஜட்ஜ்கிட்ட சொல்லிக் கழிச்சாச்சு. உனக்குச் சோறு போடுறது நம்ம காசு. இமிகிரேஷன்காரங்க, அவங்க பிடிச்ச ஆளுங்களை இங்க வெச்சிருக்கத் தலைக்கு நாள் வாடகை தர்றாங்க. கட்டில் வேணும்யா."

"நான் இந்த ஊர்க்காரன். என் கட்டில்ல எவனோ படுப்பான், நான் வீட்டுக்குப் போகணுமா?"

(எங்கள் பக்கம் ஜெயிலர் பதவிக்கும் தேர்தல் உண்டு; டெல்பர்ட் எங்கள் ஓட்டில் ஜெயித்தவர். 'வரி ஏறாது, கட்டில் காலியாகாது' என்பதே அவர் வாக்குறுதி. நானே இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி எழுதியிருப்பேன்.)

2

லோனிதான் கதாநாயகன் என்று தொடங்கினேன். ஆனால் அவர் கட்டிலில் இப்போது எலிசியோ. ஹோண்டுராஸ்காரர், கூரை வேலை செய்பவர். குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை; குடியேற்ற வழக்கு முடியும்வரை வைத்திருக்கிறார்கள்.

எலிசியோவின் கண்களில் ஒரு—

அடச்சீ. தட்டு நீட்டும் துவாரத்தில் எனக்குத் தெரிவது கை மட்டும்தான்.

3

இன்று வியாழன். எலிசியோவுக்கு ஜாமீன் கிடைத்து, அவருடைய அக்கா பணமும் கட்டிவிட்டார். விடுதலைத் தாளோடு டெல்பர்ட் சமையலறைக்கு வந்தார்.

"மதியம் என்ன ஓர்லீன்?"

"பீன்ஸ், சோளரொட்டி."

"சாப்பிட்டுட்டே போகட்டும். பட்டினியா அனுப்பினா பாவம். பன்னெண்டு மணிக்குத் தலை எண்ணி முடிச்சதும் இந்தத் தாளை வாசல் முன்மேசைல குடு."

எண்ணிக்கையில் இருந்தால் இன்றைய வாடகை வந்துவிடும். எலிசியோவிடம் போய்ச் சொன்னேன்.

"பசியில்ல மேடம். பதினொண்ணரைக்கு அட்லாண்டா பஸ். அதை விட்டா சனிக்கிழமைதான். நாளைக்குக் காலைல அங்க என் பொண்டாட்டிக்கு வயித்தைக் கிழிச்சுப் பிள்ளை எடுக்கிறாங்க. டாக்டர் பயமுறுத்துறாரு."

4

முடிவு அ: டெல்பர்ட் மனம் மாறுகிறார். (இதைப் படித்தால் எங்கள் ஊரே சிரிக்கும்.)

முடிவு ஆ: எலிசியோ என்று பெயர் கொடுத்து லோனி எண்ணிக்கையில் நிற்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம். எழுதி அடித்துவிட்டேன், லோனிக்கு வாயை மூடத் தெரியாது.

முடிவு இ: தாளை இப்போதே முன்மேசையில் கொடுக்கிறேன். காவலர் கதவைத் திறந்தே ஆகவேண்டும். எனக்கு வேலை போகும். கொடுக்கலாம்தான். ஆனால் அவர் போய்விட்டால் கதையும் போய்விடுமே என்று இன்னும் நாலு வரி, இன்னும் நாலு வரி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. டெல்பர்ட்டை என்ன வாயால் திட்டுவது?

மணி பதினொன்று பத்து. எழுத வேறு காகிதம் கிடைக்கவில்லை. இவ்வளவையும் அந்த விடுதலைத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்வரை அவர் உள்ளேதான் இருப்பார். முடிவு கேட்காதீர்கள். தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்மேசைக்கு ஓடுங்கள்.