நாலும் ஐந்தும் ஒட்டிய கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் மூன்று பல்லும் எனக்கு இன்றைக்கே விழட்டும்.

பைண்டிங் கடைக்காரர் மகளுக்கு இருபத்தாறு பிறக்க இரண்டே மாதம் இருந்தது. இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பத்திரிகையின் இளம் எழுத்தாளர் சிறப்பிதழில் இடமில்லை. பதினோரு கவிதையும் ஆறு கதையும் போன சுருக்கில் திரும்பியிருந்தன.

"படிக்கவே மாட்டேங்கிறாங்கப்பா."

"படிச்சதாலதான் திருப்புறாங்களோ என்னவோ," என்றார் அப்பா, ஊசியில் நூல் கோத்தபடி.

அவளோ பாலைக் கண்டால் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறவள். ஏழாவது கதையில் பொறி வைத்தாள். எதிரெதிரே இருந்த நாலாம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் கடுகளவு மைதாப் பசையால் ஒட்டி அனுப்பினாள். படித்தால் பிரிந்திருக்க வேண்டும்.

ஒட்டியபடியே வந்தது. கூடவே ஒரு சீட்டு: "ஐந்தாம் பக்கத்தில் மாமா இறந்துவிடுகிறார். ஏழாம் பக்கத்தில் காபி கேட்கிறார். கவனிக்கவும்."

கையில் கதையோடு பத்திரிகை ஆபீஸ் மாடியேறினாள். ஆசிரியர் மேஜையில் பேனா இல்லை. பசைக் கிண்ணம் இருந்தது.

"பிரிச்சா எப்படி சார் ஒட்டியிருக்கும்?"

"படிச்சிட்டுத் திரும்ப ஒட்டிருவேம்மா. வந்த மாதிரியே அனுப்பறதுதானே மரியாதை? போன மாசம் ஒருத்தர் நடுவுல தலைமுடி வச்சிருந்தார். அது எங்கயோ பறந்துபோச்சு. என்னோடதுல ஒண்ணு பிடுங்கி வச்சேன்."

அவர் தலையைப் பார்த்தாள். அது பெரிய தியாகம்தான்.

வீட்டுக்கு வந்து ஒட்டிய இடத்தைப் பிரித்துப் பார்த்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அவர்கள் கடைப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். இதில் அந்த நீலமே இல்லை. பிரித்தது நிஜம். ஆனால் படித்தது அவர்தானா? ஆள் வைத்துப் படிக்கிறாரோ?

கடைசி வாய்ப்பான எட்டாவது கதையை எடுத்தாள். அகராதி முதுகை ஒட்ட அப்பா காய்ச்சும் வஜ்ரப் பசையை எடுத்து, அதே இரண்டு பக்கத்திலும் முழுசாகத் தடவினாள்.

"இதைப் பிரிக்க ஆவி காட்டணும். காட்டினா மை கலங்கி, பிரிச்சவங்க கைரேகை பக்கத்துக்குப் பக்கம் பதியும். அப்ப யாரு, எவ்வளவு படிச்சாங்கன்னு தெரிஞ்சிடும்."

"ஏம்மா, உனக்குக் கதையை அச்சுல பாக்கணுமா, ஆசிரியரைக் கூண்டுல பாக்கணுமா?"

வஜ்ரம் அப்பா கைப்பக்குவம். ஆசிரியர் கத்தியால் நெம்பினார். கெட்டிலில் ஆவி காட்டினார். அச்சுக்கோப்பவர் ஒரு முனையையும் அவர் மறுமுனையையும் பிடித்து, தேர் இழுப்பதுபோல் இழுத்தார்கள். கெட்டில்தான் விழுந்து உடைந்தது. கதாநாயகி தன் சோகத்துக்கெல்லாம் விளக்கம் சொல்லும் இரண்டு பக்கங்கள் அவை. ஆசிரியர் அவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை அச்சேற்றினார்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் சிறப்பிதழ் வந்தது. பின்னாலேயே மூன்று வாசகர் கடிதங்களும் வந்தன. நடுவில் கதாசிரியை காக்கும் மௌனம் அபாரமாம்.

அவள் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏம்ப்பா, மூணு ஊரு, மூணு பேரு, எழுத்து மட்டும் எப்படி ஒண்ணா இருக்கு?"

அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடது கையால எழுதினா எல்லாருக்கும் அப்படித்தாம்மா வரும்."

பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்திரிகை, தொடங்கிய நாள் முதல், மின்னஞ்சலில் வரும் படைப்புகளை மட்டுமே வாங்குகிறது.