இந்த மாசம் வாங்காத

“பிளக் பாயிண்ட் எங்கம்மா கீது?” என்று கேட்டபடி இரண்டு பேர் ஐஸ் பெட்டியை வாசலில் இறக்கினார்கள்.

கூடத்தில் இருந்தது ஒரே பாயிண்ட். அதில் பிரிட்ஜ் சொருகியிருக்கும். நைனாவின் இன்சுலின் கெடாமல் இருக்க வேண்டும் என்று அம்பிகாதான் தவணையில் வாங்கிக் கொடுத்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், வயரை உருவக் கையை விட்டாள். பிளக் ஏற்கெனவே கழன்று பிரிட்ஜுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒட்டடை படிந்திருந்தது.

கதவைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. உள்ளே வெங்காயம், ரேஷன் அரிசி, மடித்து வைத்த பழைய வலை. மருந்து இருக்கவேண்டிய தட்டில் ஒன்றும் இல்லை.

நைனா பச்சைமுத்துவைப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது. காலையில் டீ கொண்டுபோன மருமகள் நந்தினிதான் அவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்ததை முதலில் பார்த்தாள். சர்க்கரை எகிறிப்போய் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டதென்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். புகுந்த ஊரான அனுப்பம்பட்டிலிருந்து வரும் வழியெல்லாம் விதி என்று அழுதுகொண்டு வந்த அம்பிகாவுக்கு, அந்தப் பேச்சு இப்போது வேறு மாதிரி கேட்டது.

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கடல்தண்ணீர் வரும் முகத்துவாரம் மண்ணடித்து மூடியதிலிருந்து ஏரியில் இறால் இல்லை. தம்பி ரஞ்சித்குமார் கிடைத்த நாளில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நந்தினி குடும்பத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறாள் என்று அம்பிகாவே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கேஸ் அடுப்பின்மேல் துணி போர்த்தியிருந்தது. கொல்லையில் கருவேல விறகு அடுக்கியிருந்தது. பால் நிறுத்தி, கேபிள் நிறுத்தி, சோப்பைக்கூட இரண்டாக அறுத்து வைத்திருந்தாள். எதையெல்லாம் நிறுத்தினாளோ என்று இன்று நினைக்கத் தோன்றியது.

பக்கத்து வீட்டு மனோரமா அத்தை நெருங்கி உட்கார்ந்தாள். “அது ஓடி எத்தினியோ மாசம் ஆவுது. கரண்டு பில்லப் பாத்துட்டு உன் தம்பி பொண்டாட்டிதான் புடுங்கிப் போட்டா. பெரியவருக்குப் போடற மருந்து இன்னா ஆச்சோ. நான் சொன்னேன்னு சொல்லிடாத.”

நந்தினி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். ஐஸ் பெட்டிக்காரரிடம் வாடகை பற்றித் தாழ்ந்த குரலில் பேசினாள். பிறகு சமையலறைக்குள் போய் மூலையில் குந்தி, எதன்மேலோ ஈரச்சாக்கை இழுத்து மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அம்பிகா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பந்தல் காலில் சாய்ந்து நின்ற ரஞ்சித்குமாரிடம் போனாள்.

“பிரிட்ஜ எதுக்குடா ஆஃப் பண்ணீங்க?”

“இப்ப இன்னாக்கா அது?”

“இப்பதான். கெட்டுப்போன மருந்தப் போட்டுப் போட்டு அனுப்பிச்சிட்டீங்களா? இன்னா நடந்துச்சின்னு தெரியாம நைனாவ எடுக்க வுட மாட்டேன்.”

ஒப்பாரி நின்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரஞ்சித்குமார் தரையைப் பார்த்தான். தண்ணீர்க் குடத்தோடு வந்த நந்தினி அதை இறக்கி வைத்துவிட்டு, “உள்ள வாங்கண்ணி” என்றாள்.

மூலையில் ஈரமணல் பரப்பி, அதில் ஒரு மண்பானையைப் பாதிவரை புதைத்திருந்தாள். சாக்கை விலக்கினாள்.

“கரண்டு இல்லாத வூட்ல இப்பிடித்தான் வெப்பாங்க, மருந்து கெடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. ரெண்டு வேளையும் நான்தான் தண்ணி தெளிக்கிறேன்.”

“இன்னிக்கும் தெளிச்சியே, யாருக்கு?”

நந்தினி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். “தெரியல அண்ணி. கை அதுபாட்டுக்குத் தெளிச்சிடுச்சி.”

அம்பிகா பானைக்குள் கையை விட்டாள். சில்லென்றிருந்தது. பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மருந்துச் சீசாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கலங்கவில்லை, திரியவில்லை. ஆனால் முக்கால் சீசா மருந்து அப்படியே இருந்தது.

“இது எப்ப வாங்கனது?”

“நீங்க ஆடிக்கு வந்தப்ப குடுத்தது. அப்பால நீங்க வாங்கலியே.”

இப்போது ஐப்பசி. ஒரு சீசா ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது.

“தெனம் போட்டுக்கினாரா இல்லியா?”

“போட்டுக்கினேன்னுதான் சொல்லுவாரு. ஊசியக் கழுவிக் காய வெச்சிருப்பாரு. பக்கத்துல போனா, போம்மா, நான் பாத்துக்கறேன்னுடுவாரு. மாமனார் சட்டையத் தூக்கியா நான் பாக்க முடியும்?”

அம்பிகாவுக்குச் சீசாவைக் கீழே வைக்க முடியவில்லை. கணவனுக்குக் கம்பெனியில் வேலை போனதிலிருந்து மாதம் பிறந்ததும் நைனாவே போன் செய்வார். “மருந்து இன்னும் கீதும்மா. இந்த மாசம் வாங்காத. மாப்ளைக்கு வேலை ஆவட்டும்.” ஆவணியில் சொன்னார். புரட்டாசியிலும் சொன்னார். “சரி நைனா” என்று போனை வைத்ததும் அவளுக்கு மூச்சு லேசாகும். அந்தப் பணத்தில் ஒருமுறை சிலிண்டர் வந்தது. ஒரே சீசா எப்படி இத்தனை நாள் வருகிறது என்று அவள் கேட்கவில்லை.

நந்தினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட எதுனா சொன்னாரா அண்ணி?”

“இல்ல.”

நந்தினியின் பார்வை சற்று நேரம் நகரவில்லை. பிறகு சீசாவை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, டப்பாவில் போட்டு மூடினாள்.

வாசலிலிருந்து ரஞ்சித்குமாரின் குரல் கேட்டது. “இன்னாக்கா, எடுக்கலாமா?”

“எடுங்கடா.”

பாடை தெரு திரும்பியதும் பெண்கள் ஏரிக்கரைக்குக் குளிக்கப் போனார்கள். முழங்காலளவு தண்ணீர்தான். உட்கார்ந்து முழுகி எழுந்தார்கள். மனோரமா அத்தை சீக்கிரமே கரையேறி, தலையைத் துவட்டியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நந்தினி மாற்றுப்புடவை சுற்றிக்கொண்டு, ஈரப்புடவையைத் தனியாகப் பிழியப் பார்த்தாள். உப்புத்தண்ணீரில் ஊறிக் கனத்திருந்த துணி அவள் கையில் அடங்காமல் சேற்றில் புரண்டது. அம்பிகா குனிந்து மறுமுனையை எடுத்தாள். நந்தினி நிமிர்ந்து பார்த்தாள். ஆளுக்கொரு பக்கமாக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் அம்பிகா பிடியை விடவில்லை.