பின் அச்சு

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் முதலில் கற்றுக்கொண்டது, மாடி அறையிலிருக்கும் மேசை விளக்கைத் தொடக் கூடாது என்பதைத்தான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. விளக்கே சொல்லிக்கொடுத்தது. பூதக்கண்ணாடி பொருத்திய, முழங்கைபோல மடங்குகிற விளக்கு அது. தன் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுக் கீழே போய் வந்தால், மெல்ல எழும்பிப் பழைய இடத்தில் போய் நின்றிருக்கும். ஸ்பிரிங் இறுகிப்போச்சு என்றான் கணவன். ஸ்பிரிங்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் அது போய் நின்ற உயரம் அக்காவின் உயரம்.

அக்கா என்று அவள் சொல்வது கணவனின் முதல் மனைவியை. நேரில் பார்த்ததில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். அக்கா கேமரா பழுது பார்ப்பவள். விடுமுறை நாட்களில் அதே மேசையில் கிராலர் கட்டுவாள். ரிமோட் கார்களில் அது தனி ரகம், ஓடாது, ஊரும். பூனை அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய டயர்கள், பாறையைக் கண்டால் பல்லியாகிவிடும் குணம். அக்கா கட்டிய பச்சை கிராலர் இன்னும் அந்த மேசையில்தான், டயர் நசுங்கிவிடாமல் ஒரு மரக்கட்டையின் மேல், நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க நின்றுகொண்டிருந்தது.

அதற்கு ஒரு பாக்கி இருந்தது. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில், நடுவில் பிளந்த ஒரு பாறை. அக்கா கடைசியாக ஓட்டிய நாளில், பிளவைத் தாண்டும்போது பின்சக்கரம் ஒன்று காற்றில் தூக்கிக்கொண்டது. தூக்கின சக்கரம் வெறுமனே சுழல, தரையிலிருந்த சக்கரம் மலைத்து நிற்க, கார் அங்கேயே மாட்டிக்கொண்டது. அதை இறக்கிக் கொண்டுவந்த கணவன், பிறகு ஒவ்வொரு வாரமும் அதைக் குவாரிக்குத் தூக்கிப் போவான். போய், பேட்டரி சரியில்லை, வெயில் அதிகம், மனசு சரியில்லை என்று எதையாவது சொல்லி அப்படியே தூக்கி வருவான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் கம்பெனி புதிதாக வேலை எடுத்திருந்தது. குடியிருக்க வீடும் தருவதாகக் கூப்பிட்டது. அவளுக்கு அந்த ஊர் எதுவானாலும் சரி. தன் உயரத்துக்கு ஒரு விளக்கு இருக்கும் வீடாக இருந்தால் போதும்.

"போலாம்" என்றான் அவன். "அந்த கார் அந்தப் பாறையை ஒரு தடவை ஏறிடட்டும். அப்புறம் போலாம்."

இதற்கு மேல் இவனிடம் பேசிப் பயனில்லை, காரிடம்தான் பேச வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

"பின்னாடி டிஃபரன்ஷியலைப் பூட்டிட்டா ஏறிடும்னு கிரீஸ் அண்ணன் சொல்றாரே" என்று ஒருநாள் ஆரம்பித்தாள். கிரீஸ் அண்ணன் என்பவர் கிராலர் நண்பர்களில் மூத்தவர். வங்கியில் வேலை, ஆனால் நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்.

"அவ பூட்ட மாட்டா. முன்னாடி மட்டும்தான் பூட்டினா. ரெண்டையும் பூட்டினா வளைவுல திரும்ப அடம் பிடிக்கும்னு சொல்வா."

"இப்ப எதுக்குத் திரும்பணும்? ஏறினா போதாதா?"

அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "உன் இஷ்டம்" என்றான்.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரே அச்சிலிருக்கும் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதற்குள்ளிருக்கும் குட்டிப் பல்சக்கரங்களை அசையாமல் கட்டிப்போட்டால், இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். ஒன்று காற்றில் நின்றாலும் மற்றது இழுக்கும். சிலர் பசை ஊற்றுவார்கள், சிலர் பற்றவைப்பார்கள். அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். கைக்குப் பழகியதைத்தானே கை தேடும்? ஈறு செய்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கைக் குழைத்துக் குட்டிப் பற்களின் நடுவே அடைத்தாள். காய்ந்ததும் பார்த்தபோது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ரோஸ் ஈறும் இரும்புப் பற்களுமாக, எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்ட வாய்.

கியர்பாக்ஸிலும் கை வைத்தாள். மோட்டாரின் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினாள். வேகம் குறையும், இழுவை கூடும்.

குவாரிக்குக் கிளம்பும் காலையில்தான் பின் அச்சை மூடினாள். உள்ளே ஒரு பெரிய பல்சக்கரம் உட்கார வேண்டும்; இடப்பக்கமும் உட்காரும், வலப்பக்கமும் உட்காரும். முன் அச்சைத் திறந்து பார்த்தாள், அதில் இடப்பக்கம். மேல் பல்வரிசைக்குக் கீழ் பல்வரிசையை எதிரில் வைப்பதுபோல, பின் அச்சிலும் இடப்பக்கமே வைத்தாள். இரண்டு தாடையும் பொருந்தின மாதிரி ஒரு திருப்தி. திருகுகளை முடுக்கும்போதே வாசலில் கிரீஸ் அண்ணனின் வண்டி ஹாரன் அடித்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

"என்னம்மா, காருக்குப் பல் கட்டிட்டியாமே?" என்றார் அவர். "பாத்துக்கோ, கைய வச்சா கடிச்சிடப் போகுது."

குவாரியில் காற்றே இல்லை. பாறையின் சரிவு முழுக்கக் கல்மாவு படிந்து வெளுத்திருந்தது. கணவன் காரை அடியில் வைத்துவிட்டு, ரிமோட்டைப் பிடித்தபடி அவர்களுக்கு முதுகு காட்டி நின்றான். அவளும் கிரீஸ் அண்ணனும் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.

கார் நகர்ந்தது.

"அட, சத்தமே இல்லாம போகுதே" என்றார் அவர். "கியரை நல்லா குறைச்சிருக்க. போன மாசம் நம்ம கூட்டத்துல புதுசா ஒரு தம்பி வந்தான் பாரு, அவன் கூத்தைக் கேளு. பின் அச்சுல பெரிய கியரை மாத்திப் போட்டுட்டான். முன்னாடி எந்தப் பக்கமோ, பின்னாடி அதுக்கு எதிர்ப்பக்கம் வரணும். இவன் ரெண்டையும் ஒரே பக்கம் வச்சுட்டான். முன் சக்கரம் 'போ'ங்குது, பின் சக்கரம் 'வா'ங்குது. மாமியாரும் மருமகளும் ஒரே புடவைய இழுக்கற மாதிரி கார் நின்ன இடத்துலயே நடுங்குது. ஒரு இஞ்ச் நகரணுமே."

அவள் டீயைக் கல்லின் மேல் வைத்தாள்.

"ஒரு இஞ்ச் கூடவா நகராது?"

"எப்படிம்மா நகரும்? தனக்குத் தானே எதிரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பச்சைக் கார் சரிவில் பாதி தூரம் போயிருந்தது. அதில் நடுக்கம் இல்லை. அவசரமும் இல்லை. யாரோ பக்கத்தில் குனிந்து நடந்து கூட்டிப்போவதுபோலப் போய்க்கொண்டிருந்தது. பிளவுக்கு வந்ததும் நின்றது. பின்சக்கரம் ஒன்று மேலே எழும்பியது. இங்கே நின்றுவிடட்டும் என்று அவள் மனசு முதல் தடவையாக வேண்டிக்கொண்டது. எழும்பின சக்கரம் சுற்றவில்லை. கார் மட்டும், வாசற்படியில் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே வருகிறவர்கள்போல, பிளவைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தது.

கிரீஸ் அண்ணன் கைதட்டினார். கணவன் திரும்பவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, பாறையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் காரை எடுக்க நடந்தான்.

அவள் சரிவின் அருகே போனாள். கிராலர் டயருக்குக் கட்டம் கட்டமாக முரட்டுப் பற்கள் உண்டு. மாவில் போனால் ஏணிபோலத் தடம் விழும். அங்கே ஏணி இல்லை. நான்கு கோடுகள். மாவுத் தட்டில் விரலை வைத்து இழுத்ததுபோல, எங்கும் விட்டுப்போகாத நான்கு வழவழப்பான கோடுகள், பிளவு வரைக்கும், பிளவுக்கு அந்தப் பக்கமும். சக்கரங்கள் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எட்டின வரைக்கும் செருப்பால் கலைத்தாள்.

கணவன் காரைக் கைக்குழந்தைபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமில்லை. "ஏறிடுச்சு" என்றான். "போலாம்."

வீட்டுக்குப் போகலாம் என்றானா, அந்த ஊருக்குப் போகலாம் என்றானா என்று அவள் கேட்கவில்லை.

மதியம் அவன் கீழே பெட்டிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மாடிக்குப் போய்ப் பின் அச்சைத் திறந்தாள். தான் வைத்தது வைத்தபடி இருந்தது. இடப்பக்கம். முன்னேயும் இடப்பக்கம். அச்சை மறுபடி மூடி, வேறொரு பேட்டரியைப் பொருத்தி, காரைத் தரையில் விட்டு ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளினாள். மோட்டார் முனகியது. கார் நின்ற இடத்திலேயே காய்ச்சல்காரியைப்போல வெடவெடவென்று நடுங்கியது. ஒரு இஞ்ச் நகரவில்லை.

இதை அவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இந்த வீட்டைவிட்டு அவன் அசைய மாட்டான். இன்னொரு தடவை நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு இந்தக் காரின் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். சத்தம் போடாமல் பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அச்சைக் கழற்றி மேசையில் வைத்துத் திருப்புளியை எடுத்தபோது, அறை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"அது நடுங்கினதிலேருந்து" என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். "ஒண்ணு சொல்றேன். பயந்துடாத."

"சொல்லுங்க."

"அங்க நான் ஸ்டிக்கைத் தள்ளவே இல்ல."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"ஏறிட்டா போகணுமே. வாராவாரம் எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கிட்டு இருந்தேன்ல, இன்னைக்கும் ஏதாவது சொல்லிடலாம்னுதான் நின்னேன். சும்மா பிடிச்சிட்டு நின்னேன். அது பாட்டுக்குப் போச்சு. மேல போய் எடுக்கும்போது பேட்டரியைப் பாத்தேன். காலைல சார்ஜ் போட்ட மாதிரியே நிறைஞ்சு இருந்துச்சு. மோட்டார் சில்லுனு இருந்துச்சு." அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "உன்கிட்ட சொன்னா நீ என்னை விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவியோனு பயம்."

"நான் சொன்னா நீங்க இந்த வீட்டைவிட்டு வரமாட்டீங்களோனு எனக்குப் பயம்" என்றாள் அவள். பிறகு கியரைக் காட்டி, தான் செய்த தவறைச் சொன்னாள். கோடுகளைச் சொன்னாள். செருப்பால் கலைத்ததையும் சொன்னாள்.

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இறக்கினார்கள்.

"அக்கா நம்மளைப் போகச் சொல்றாங்க போல" என்றாள் அவள், அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று.

அவன் யோசித்தான். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "இல்ல. அவளுக்கு அந்தப் பாறைய ஏறணும். ஏறிட்டா. நம்மளைப் பத்தியெல்லாம் யோசிச்சிருக்கவே மாட்டா. பாறைனு வந்துட்டா அவ அப்படித்தான்."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், செத்துப்போனவளிடம் இவ்வளவு நாளாக வைத்திருந்த பொறாமை அவளுக்குள் எங்கோ கழன்றது. பயம் கழலவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் மற்றக் கையால் போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினான்.

"வர்றோம் சார். ஆமா, அடுத்த வாரமே. வீடு... சரி சார்... இருங்க."

போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"குடித்தனம் எத்தனை பேருனு கேக்கறாங்க."

கேட்டவன் போனைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. அவன் கண் அவள் தோளைத் தாண்டி மேசைக்குப் போய் நின்றது. அந்த முனையில் ஒரு குரல் 'ஹலோ, ஹலோ' என்றுகொண்டிருந்தது.

அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"ரெண்டு பேர் சார்" என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "ரெண்டே பேர்தான்."

சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டித்த பிறகும், அவள் மேசைப் பக்கம் திரும்பவில்லை.