டென்ஷன் இறங்கிய தெரு

சிவப்புக் காரின் இன்ஜினுக்குள் செயின் தளர்ந்த அன்று காலையில், அந்தத் தெருவில் கட்டியிருந்த துணிக்கொடிகள் அத்தனையும் ஒரு முழம் கீழே இறங்கின. போர்வைகள் தரையைப் பெருக்கின. மின்கம்பிகள் தொய்ந்ததில், அவற்றில் உட்கார்ந்திருந்த காக்கைகள் முதல் மாடி ஜன்னல்களுக்கு நேராக வந்து சேர்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்த்தன. இசைப்பள்ளியில் வயலின் கம்பிகள் ஈர நூல்போலத் தொங்கின. இடுப்பில் எலாஸ்டிக் வைத்து உடுத்தியவர்கள் எல்லோரும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நடந்தார்கள். பருமனான போலீஸ் அதிகாரிக்கு மட்டும் இரண்டு கையும் தேவைப்பட்டது. அவருக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அதே நிலைமைதான் என்பதால், சல்யூட் அடிக்கும் வழக்கம் அந்தத் தெருவில் அன்றோடு ஒழிந்தது.

காருக்குச் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தெரு அவருக்கு வைத்த பெயர் நிம்மதி. வீடு பற்றி எரிந்தால் பீடிக்கு நெருப்பு கேட்பவர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார்களே, அவர் பீடி குடிக்காததால் சும்மா வேடிக்கை பார்த்திருப்பார். இரண்டே இருக்கையும் முதலை மூக்கும் கொண்ட அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவர் வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. கவலைப்படுகிற வேலையை வீட்டில் அவருடைய மனைவி மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே தனக்கும் அவருக்கும், இன்னும் கேட்டால் எதிர்வீட்டுக்கும் சேர்த்துக் கவலைப்படுவாள். தினமும் காலையில் காரைக் கிளப்பியதும், தகர டப்பாவில் சாவிக்கொத்தைப் போட்டு ஆட்டியதுபோல முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வரும். ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடும். வயசானவன் காலையில் இருமத்தான் செய்வான் என்று நிம்மதி சொல்லி வந்தார். வருடங்கள் போகப் போக இருமல் நீண்டது. கடைசியில் அடங்காமலே போனது. கொடிகள் இறங்கியது அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் தெருவுக்கு அது பிடித்திருந்தது. பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் தூங்கினார்கள்; எழுப்ப வேண்டிய பெற்றோர்களும் தூங்கினார்கள். பல் டாக்டரிடம் வந்தவர்கள் நாற்காலியிலேயே குறட்டை விட, டாக்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். சுவருக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட பங்காளிகள், சுவர் எந்தப் பக்கம் என்பதையே மறந்தார்கள். தையல் மிஷினில் நூல் தளர்ந்து சுருள் சுருளாக விழுந்தது. ஒரு கை முழங்கை வரைக்கும் மறு கை முழங்கால் வரைக்கும் தைத்துக் கொடுத்த சட்டையை, வாங்கியவர் நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டு போனார். மனைவி திட்டுவதை நிறுத்தியதில் நிம்மதிக்கு முதலில் சொர்க்கம் கண்ணில் தெரிந்தது. பிறகு ஒருநாள் மழையில் நனைந்து வந்து நின்றார். துண்டு வரவில்லை. தும்மிப் பார்த்தார், இன்னொரு முறை சத்தமாகவே தும்மிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அப்போதுதான் கவனித்தார்: அவளுடைய குதிகால் தரையில் படவில்லை. இரண்டு விரல்கடை உயரத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

பெட்டியில் துணி அடுக்கும்போதும் அவள் அப்படித்தான் மிதந்தாள். தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

“எப்ப வருவே?” என்றார்.

“தெரியல. வரணும்னு தோணுச்சுன்னா வரேன். தோணலேன்னாலும் ஒண்ணுமில்லைங்க.”

அந்த ‘ஒண்ணுமில்லைங்க’ அவர் தொண்டையில் மீன்முள்போல நின்றது. திட்டியிருந்தால் விழுங்கியிருப்பார்.

கார் இருமத் தொடங்கி அடங்காமல் போன நாளிலிருந்துதான் இதெல்லாம் என்று கணக்குப் போட்டு, காது என்கிற மெக்கானிக்கை அவர் ஓடிப்போய்க் கூட்டி வந்தார். அவன் நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பவன். தெருவில் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதும் அதே காதில்தான் சேரும். வால்வு மூடி, ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முன்மூடிக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

“சார், வண்டில டென்ஷன் போயிடுச்சு.”

“நல்லதுதானேப்பா? அது போகணும்னுதானே ஊரே மாத்திரை முழுங்குது?”

“மனுஷனுக்கு நல்லது சார். செயினுக்கு டென்ஷன் இல்லேன்னா சக்கரத்துப் பல்லு தாண்டும். தாண்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அப்புறம் இது காரில்ல, பூந்தொட்டி.”

முதலில் சுலபமான வழியைப் பார்ப்போம் என்று கெட்டியான ஆயிலை ஊற்றினான். சத்தம் குறையவில்லை, தெருதான் கெட்டியானது. ஒரு வாரம் எல்லோரும் பாகில் நடப்பதுபோல நடந்தார்கள்; அவளும் அந்த வாரம் முழுக்கப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே இருந்தாள். வணக்கம் என்று ஆரம்பித்தவர் முடிப்பதற்குள் கேட்பவருக்குத் தாடி முளைத்தது. காது தன் தப்பை ஒப்புக்கொள்ளாமல், இதுவும் ஒரு பரிசோதனைதான் என்று சொல்லிவிட்டு, மெல்லிய ஆயிலாக மாற்றி முன்மூடியைக் கழற்றினான். செயின் வழுக்கி ஓடுகிற பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து உடைந்து, துண்டு துண்டாக ஆயில் தொட்டியில் கிடந்தன. செயினை வெளியே இழுத்தான். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாசலைத் தாண்டி, தபால்பெட்டியைத் தாண்டி, தெருமுனையில் வளைந்து அடுத்த தெருவுக்கும் போனது. புதுச் செயினோ அவனுடைய சாப்பாட்டுப் பைக்குள் அடங்கியது.

மீதி இருந்தது செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். கட்டைவிரல் அளவில், உள்ளிருந்து ஒரு சின்னத் தண்டு பிதுங்கி வந்து செயினைத் தள்ளி நிற்கும் சாமான். புதிது வாங்கித்தான் வந்திருந்தான். ஆனால் தெருவுக்குள் நுழைந்ததுமே அதுவும் தண்டை உள்ளே இழுத்துக்கொண்டு சோர்ந்துவிட்டது. யாராவது இதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கவலைப்பட்டால் சரியாகும் என்றான் காது. தானே முயன்றான். மாமியாரை நினைத்ததில் தண்டு கடுகளவு நகர்ந்தது; அதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. கை துடைத்துக்கொள்வதற்காக, சும்மா பிடித்துக்கொள்ளும்படி நிம்மதியிடம் நீட்டினான்.

சரியாக அப்போதுதான் அவள் பெட்டியோடு படியில் இறங்கினாள். இறங்கினாள் என்பது தவறு. படி அதுபாட்டுக்குக் கீழே இருந்தது, அவள் அதற்கு மேலே மிதந்து போனாள். காரைத் தாண்டும்போது, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி மிதந்தாள். நிம்மதியின் உள்ளங்கையில் டக்கென்று ஒன்று இடித்தது. பிறகு இன்னொரு டக். தண்டு பிதுங்கி அவருடைய கட்டைவிரலை நெட்டித் தள்ளியது.

“சார், அப்படியே இருங்க. நினைக்கறதை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றான் காது.

நிறுத்த அவருக்குத் தெரியவில்லை, பழக்கமில்லாத வேலை. காது புதுப் பட்டைகளை வைத்தான், பல்சக்கரத்துக் குறியும் செயின் குறியும் சேரப் பார்த்துச் செயினை மாட்டினான், டென்ஷனரை அவர் கையிலிருந்து சூட்டோடு வாங்கி முடுக்கினான். பஸ் தெருமுனையில் திரும்பி வருவது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவன் இன்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் பழைய இடத்துக்கே வருகின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“சீக்கிரம்ப்பா” என்று நிம்மதி கத்தினார். அவர் கத்தியதைத் தெரு அதற்குமுன் கேட்டதில்லை. தூங்கிக்கொண்டிருந்த பல் டாக்டரே எழுந்து உட்கார்ந்தார்.

“அவசரத்துல ஒரு பல்லு தள்ளி மாட்டினா, தெருவே ஒரு பல்லு தள்ளிப் போயிடும் சார். பொறுங்க.”

மூடியை முடுக்கிச் சாவியைத் திருப்பினான். கடகடப்பு இல்லை, பட்டு கிழிகிற மாதிரி ஒரு சீறல் மட்டும். கொடிகள் விண்ணென்று ஏறின. மின்கம்பிக் காக்கைகள் கவண்கல்போலத் தெறித்து, மூன்று ஊர் தள்ளி, கொஞ்சமும் காயமில்லாமல் இறங்கின. வயலின்கள் தாமாகவே சுதி சேர்ந்தன. போலீஸ் அதிகாரி இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தார், பேன்ட் நின்றது.

பஸ்ஸில் ஏறப்போன அவளுடைய குதிகால்கள் தரையில் பட்டன. கண்டக்டர் ஏறச் சொன்னார். அவளோ அயர்ன் பாக்ஸை அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் தெருவெல்லாம் கேட்க நடந்து வந்தாள். வாசலில் அவரைப் பார்த்ததும் நின்றாள்.

“கையெல்லாம் ஆயில். இந்தக் கையாலதான் கதவைத் தொட்டீங்களா?”

ஆமாம் என்றார். அன்று முழுக்க அவள் திட்டினாள்; அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக் கேட்டார். அயர்ன் பாக்ஸ் அணைந்துதான் இருந்தது.

கார் இன்னும் ஓடுகிறது. குளிர்காலக் காலைகளில் அவர் கொஞ்சம் முன்னதாகவே எழுந்து, ஸ்டியரிங்கில் கைவைத்து, அவளைப் பற்றி ஒரு நிமிடம் கவலைப்பட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார். அந்த ஒரு நிமிடம் அவள் கூடுதலாகத் தூங்குகிறாள். பழைய செயினைத் தெருக்காரர்கள் கம்பத்துக்குக் கம்பம் இழுத்து, துணிக்கொடியாகக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு தெருவுக்கும் போதுகிறது. வெள்ளைத் துணியில் ஆயில் கறை படிகிறது என்று மட்டும் ஒரு புகார் உண்டு.