வெயில் ஆகாத மாத்திரை

நீலமேகம் இரண்டு மாதமாக மாத்திரை வாங்க வரவில்லை. செங்கல்பட்டில் எங்கள் மனநோய் வார்டிலிருந்து தேறி வீட்டுக்குப் போன ஆள் இப்படி வராமல் இருந்தால், ஒன்று மந்திரவாதியிடம் கூட்டிப் போயிருப்பார்கள், இல்லையென்றால் மறுபடி கட்டிப்போட்டிருப்பார்கள். தேடிப் போவது நர்சு வேலையில் சேராது. நானாகத்தான் லீவு நாளில் புதுப்பட்டினம் பஸ் ஏறினேன். பாசம் என்று நினைக்க வேண்டாம், அதெல்லாம் எனக்கு எப்போதோ மரத்துவிட்டது. ஒரே ஒருத்தனாவது உருப்பட்டான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவன் மனைவி ரத்னா ஓடி வந்து வழியை மறித்தாள்.

"உள்ள வராதீங்க நர்சம்மா. அவருக்கு ஆத்தா வந்து கீறா. அம்மை குத்தறவங்களாண்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எழுபத்து நான்காம் வருஷம் அது. பெரியம்மையை ஒழிக்கிறோம் என்று ஊசியும் கையுமாக ஆட்கள் ஊர் ஊராக அலைந்த நேரம். அவள் பயம் நியாயம்தான்.

"மாத்திரை குடுக்கறியா?" என்றேன்.

"ஆத்தா வூட்ல இருக்கசொல்ல மருந்து குடுப்பாங்களா? போன மாசம் மூணு தண்ணி ஊத்தி அனுப்பி வெச்சேன். மறுபடி மாத்திரை குடுத்தேன், கடலுக்குப் போய் வந்தாரு, திரும்ப வந்துட்டா. அவளுக்கே இந்த மாத்திரை புடிக்கல நர்சம்மா."

வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். வேப்பிலை பரப்பிய பாயில் நீலமேகம் உட்கார்ந்திருந்தான். முகம், தோள், முதுகு எல்லாம் சிவந்து கொப்பளித்து உரிந்திருந்தது. லுங்கி விலகிய இடத்தில் தொடை வழுவழுவென்று இருந்தது. ஆத்தா என்ன, லுங்கியைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவளா?

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வெயில் ஆகாது, தோல் வெந்துவிடும். அனுப்பும்போது டாக்டர் இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லித்தான் அனுப்பினார், வெயிலில் போகாதே என்று. கட்டுமரத்தில் போய்ச் சம்பாதிக்கிறவனிடம் சொன்னார்.

ரத்னா எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் பின்னால் போனாள். நான் உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"இது அம்மை இல்ல, நீலமேகம்."

"தெரியும் சிஸ்டரு. வார்டு தோட்டத்துல தண்ணி எறைக்கசொல்லவே இப்டி ஆச்சே." குரலைத் தாழ்த்தினான். "அவளாண்ட சொல்லாதீங்க. மாத்திரை போட்டா கை ஆடுது, வல இழுக்க முடியல. நடு கடல்ல தூக்கம் தள்ளுது. ஆத்தா பேர சொன்னாதான் அவ மாத்திரைய நிறுத்துவா."

"சத்தம் கேக்குதா?"

அவன் கடல் பக்கம் பார்த்தான்.

"கேக்குது. இன்னும் கூப்புடல."

போன தடவை அந்தச் சத்தம் கூப்பிட்டபோது, நடுக்கடலில் கட்டுமரத்தை விட்டு இறங்கித் தண்ணீர்மேல் நடக்கப் பார்த்தவன் இவன். ரத்னாவின் அண்ணன் சடையன்தான் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

"சட்டை போட்டுக்க, தலைல துண்டு கட்டிக்க. கை ஆடறதுக்கு டாக்டராண்ட வேற மாத்திரை கேக்கறேன்," என்றேன். வார்டில் எத்தனையோ பேரிடம் சொன்ன பேச்சு. எனக்கே அதில் ருசி இல்லை.

"இந்த மீன் பருவம் மட்டும் உடுங்க சிஸ்டரு. அப்பால நானே வரேன்."

விட்டிருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? கூப்பிட்டால் அவன் நடந்துவிடுவான். ரத்னா சொம்போடு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லுங்கி மறைத்த இடத்தையும் காட்டினேன்.

அவள் வாசலுக்குப் போய் வேப்பிலையை உருவிக் கூரைமேல் போட்டாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் மறுக்கவில்லை. எனக்குக் கொண்டுவந்த தண்ணீரில் விழுங்கினான். நான் கேட்காமலேயே என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். மாத்திரையை நாக்கடியில் ஒளிக்கவில்லை என்று காட்ட வார்டில் நான் பழக்கியது அது.

"சரி," என்றேன். ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. துக்கமும் வரவில்லை.

"ரத்னா, கட்டுமரத்த உங்க அண்ணனாண்ட குடுத்துடு," என்றான் நீலமேகம்.

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை. மாத்திரை அவன் வயிற்றில் இன்னும் கரைந்துகூட இருக்காது.