ஜாடியில் ஊறிய வேர்

அண்ணனுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. ஆனால் மாதாமாதம் பரிசோதித்தால் ரத்தம் மறுபடி மறுபடி கெட்டியாகவே இருந்தது. டாக்டரும் மூன்று தடவை மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார். தங்கைக்குத் தலை வெடித்தது. பதினாறு வருடமாக மருந்துக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் அவள். சொந்த அண்ணனிடம்தான் அவள் பருப்பு வேகவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

"போடுறேன், போடுறேன். உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா?"

"என் தலைய விடு. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"ஒண்ணுமில்ல தாயே!"

ஒருநாள் அண்ணனுடைய தச்சுப் பட்டறையில், வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால், அந்த ஜாடி அவள் கண்ணில் பட்டது. தேனுக்குள் கையும் காலுமாக ஊறிக் கிடந்தது ஜின்செங் என்கிற சீன வேர்.

"கப்பல்ல வேலை பாக்குற கூட்டாளி குடுத்தான். தினம் ஒரு துண்டு, உடம்புக்குத் தெம்பு. எத்தனையோ தலைமுறையா சாப்பிடுறாங்க. இது மருந்தா என்ன? வேரு!"

"அந்த வேருதான்ணே உன் மாத்திரைய வேலை செய்ய விடாம கெடுக்குது! நாலு மாசமா மண்டைய பிச்சுக்கிட்டிருக்கேன்!"

ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். இனி தொடமாட்டேன் என்றார், தொடவும் இல்லை. ரோஷக்காரர். ஒருவழியாகச் சனியன் ஒழிந்தது என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்தாம் நாள் அவர் கடைக்கு வந்து நின்றார். காலையில் சவரம் செய்தபோது பட்ட சின்னக் கீறல். மதியமாகியும் தாடையில் வைத்த பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. பல் துலக்கினாலும் ரத்தமாம். முழங்கையில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் கூட்டிய அளவு அத்தனையும் அந்த வேரைச் சமாளிக்கத்தான். வேரைக் கொட்டியவள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேர் போய்விட்டது, கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"இப்ப நான் அந்த வேரைத் திங்கணுமா, வேணாமா? ஒண்ணைச் சொல்லித் தொலை!"

அவள் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். அண்ணன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, கவுண்டருக்கு மேல் அவள் கையால் எழுதி ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்: "எதைச் சாப்பிடத் தொடங்கினாலும், எதை நிறுத்தினாலும், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்."

"நல்லாத்தானே எழுதியிருக்க," என்றார்.